சணல் அக்காவும் பதினோரு தொட்டிகளும்

ஆள்காட்டி விரலை இரண்டாவது கணு மறையும் வரை மண்ணுக்குள் இறக்கிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு பத்து வரை எண்ணுகிறார் சணல் அக்கா. பிறகு விரலை உருவிக் கட்டை விரலோடு சேர்த்துத் தேய்த்துப் பார்க்கிறார். ஈரம் இருந்தால் மண் ஒட்டும். இல்லாவிட்டால் மாவாக உதிரும். ஒட்டினால் அந்தத் தொட்டியை விட்டு அடுத்ததற்குப் போகிறார். உதிர்ந்தால் பக்கத்தில் இருக்கும் பிளாஸ்டிக் குடத்திலிருந்து ஒரு சொம்பு மொண்டு, செடியின் அடியைச் சுற்றி நிதானமாக ஊற்றுகிறார். விரலே உள்ளே இறங்காமல் மண் கல்லாகக் கட்டியிருந்தால் சொம்பைத் தொடுவதில்லை. "இப்ப ஊத்துனா குடிக்காது. மேலயே தேங்கி அதுவும் கட்டியாயிடும். வெயில் கொஞ்சம் ஏறட்டும்" என்று சொல்லிக்கொள்கிறார். தொட்டியிடம் அல்ல, தனக்குத்தானே.

மணி பதினொன்றரை. மூச்சு விட்டால் புகையாகத் தெரிகிற குளிர். மருத்துவமனையின் முதல் மாடியில், டயாலிசிஸ் வார்டின் நீளமான கண்ணாடிச் சன்னல்களுக்கு வெளியே இருக்கும் திறந்த தளம் அது. கீழே சலவைப் பிரிவில் பெரிய டிரையர் போர்வைகளைப் போட்டுச் சுற்றிக்கொண்டிருக்கும். அது நிற்க நாற்பது நிமிடம் ஆகும். அந்த நாற்பது நிமிடமும் செடிகளுக்கு.

புதிதாக வேலைக்குச் சேரும் நர்ஸ்கள் எல்லாரும் ஒருமுறையாவது கேட்டுவிடுவார்கள்: "இந்தக் குளிர்ல போய் யாராவது செடிக்குத் தண்ணி ஊத்துவாங்களாக்கா?"

"குளிர்லதான்மா ஊத்தணும். இலை கொட்டுற செடியெல்லாம் மூட்டையக் கட்டிட்டுத் தூங்கப் போயிடும். இதுங்க இலைய வெச்சிட்டு முழிச்சிட்டு நிக்குதுங்க. வெயிலும் காத்தும் இலை வழியா ஈரத்த உறிஞ்சிட்டே இருக்கும். கீழ மண்ணு உறைஞ்சு கெடந்தா வேர் எங்க போய்க் குடிக்கும்? குளிர்ல செடி செத்துச்சுன்னு சொல்லுவாங்க. பாதி செடி தாகத்துலதான் சாகுது."

அக்காவுக்கு வயது ஐம்பத்து மூன்று. இருபத்திரண்டு வருடமாகச் சலவையில் இருக்கிறார். இப்போது அந்தப் பிரிவுக்குப் பொறுப்பாளர். இடது மணிக்கட்டில், மற்றவர்கள் வளையல் போடுகிற இடத்தில், ஒரு சுருள் சணல் கயிறு எப்போதும் கிடக்கும். அழுக்குத் துணி மூட்டையின் வாயைக் கட்ட, அறுந்த செருப்பு வாரைச் சேர்க்க, சாத்தாத கதவை இழுத்து நிறுத்த, எல்லாவற்றுக்கும் அதுதான். ஒருமுறை வார்டு ரவுண்ட்ஸ் நடுவில் பெரிய டாக்டரின் பெல்ட் அறுந்துபோனபோதும் சணல்தான் மானத்தைக் காப்பாற்றியது. அன்றிலிருந்து அவரும் 'சணல் அக்கா' என்றே கூப்பிடுகிறார்.

மெஷின்களிடம் ஓயாமல் பேசுவார். துவைக்கிற பெரிய மெஷினுக்கு 'மாமியார்' என்று பெயர். எதைக் கொடுத்தாலும் முதலில் ஓர் உறுமல், பிறகுதான் வேலை. டிரையருக்கு 'சம்பந்தி', சூடு அதிகம், காரியம் கம்மி. ஆனால் செடிகளிடம் ஒரு வார்த்தை பேச மாட்டார். பேசினால் செடி நன்றாக வளருமாமே என்று யாரோ சொன்னதற்கு, "எங்க வீட்டுக்காரர்கிட்ட முப்பது வருசமா பேசுறேன். தலையில ஒரு முடி வளரல" என்றார். வீட்டுக்காரர் முடிதிருத்தும் கடை வைத்திருக்கிறார். ஊருக்கெல்லாம் முடிவெட்டுகிறவருக்குத் தன் தலையில் வெட்ட ஒன்றும் இல்லை.

செடிகளின் உண்மையான பெயர் அக்காவுக்குத் தெரியாது. உருவத்தைப் பார்த்துத் தானே வைத்துக்கொண்டதுதான். கூம்பாக நிற்பவை மூன்றும் 'கோபுரம்'. மொறமொறவென்று பளபளக்கும் இலைக்காரி 'மினுக்கி'. ஊசி இலைக்காரன் 'ஊசி'. பந்துபோல் அடர்ந்த ஆறில், மற்றதைவிட ஒரு சுற்றுப் பெரியதாக, வரிசையின் கடைசியில், வார்டுக்குள் இருக்கும் ஆறாம் எண் நாற்காலிக்கு எதிரே நிற்பது 'குண்டு'.

இவை எதுவும் மருத்துவமனை வாங்கி வைத்தவை அல்ல. எட்டு வருடத்துக்கு முன்னால் வார்டு திறப்பு விழாவுக்கு அலங்காரக்காரர் ஒருவர் இருபது தொட்டிகளைக் கொண்டுவந்து வரிசையாக வைத்தார். விழா முடிந்தது, திரும்ப எடுத்துப் போக அவர் வரவே இல்லை. யாருடைய பொறுப்பும் இல்லாத பொருளுக்கு என்ன ஆகுமோ அதுதான் ஆனது. முதல் குளிர்காலம் முடியும்போது ஆறு செடிகள் பழுப்பாகி, குப்பை வண்டிக்காகச் சலவைப் பிரிவின் பின்வாசலில் வந்து நின்றன. தொட்டியாவது துணி ஊறவைக்க ஆகுமே என்று அக்கா ஒன்றைக் கவிழ்த்தார். மேலே அரை விரல் கனத்துக்குப் பனிக்கட்டி. அதற்குக் கீழே மண் ரஸ்க் மாதிரி காய்ந்து கிடந்தது. தலைக்கு மேலே தண்ணீரை வைத்துக்கொண்டு செடி விக்கிச் செத்திருக்கிறது என்று அக்காவுக்குப் பட்டது. அடுத்த நாள் டிரையரைப் போட்டுவிட்டுக் குடத்தோடு மாடியேறினார்.

ஆரம்பத்தில் அவரும் மூன்று செடிகளைக் கொன்றார். அதை மறைப்பதில்லை. ஒன்றைத் தலை முதல் கால் வரை பிளாஸ்டிக் தாளில் சுற்றினார். அது உள்ளேயே வியர்த்துப் பூஞ்சை பிடித்துப் போனது. ஒன்றுக்குக் குளிர் தொடங்கும் நேரத்தில் அன்பாக உரம் போட்டார். இளசாகத் துளிர்த்த துளிரெல்லாம் முதல் உறைபனியில் கருகி, கிளையையும் இழுத்துக்கொண்டு போனது. இன்னொன்றின் தொட்டி தரையோடு ஒட்டி உட்கார்ந்திருந்ததால் அடித்துளை அடைத்து, உள்ளே நின்ற தண்ணீர் உறைந்து, தொட்டி இரண்டாகப் பிளந்தது. அதற்குப் பிறகு ஆறு வருடமாக எண்ணிக்கை பதினொன்றிலேயே நிற்கிறது. ஒவ்வொரு தொட்டிக்கும் அடியில் மூன்று செங்கல் துண்டுகள். குளிர் இறங்கும் முன், கழித்துப்போட்ட கம்பளிகளைக் கிழித்து, தொட்டியை மட்டும் சுற்றிச் சணலால் இறுக்கிக் கட்டுவார். இலைக்குப் போர்த்த மாட்டார். "ஒடம்புக்குச் சட்டை போதும். மூக்க மூடுனா எப்படி?"

இந்தக் கம்பளி விஷயத்தில் வீட்டுக்காரருக்குக் குறை உண்டு. "அங்க ஒவ்வொரு தொட்டிக்கும் ரெண்டு கம்பளி. இங்க எனக்கு ஒண்ணு. அதுலயும் பாதி உனக்கு."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எட்டு சாய்வு நாற்காலிகள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு மெஷின். வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம், ஒரு கை மெஷினோடு கட்டுண்டிருக்க அங்கே சாய்ந்திருப்பவர்களை அக்கா ஏறெடுத்துப் பார்ப்பது குறைவு. நோயாளி படுத்திருக்கும் இடத்தை உற்றுப் பார்ப்பது மரியாதை இல்லை என்பது அவர் எண்ணம். ஆறாம் நாற்காலியில் கம்பளிக் குல்லாய் போட்ட ஒருவர் இருக்கிறார், பஸ் கண்டக்டர், நாற்பத்தேழு வயது என்கிற அளவுக்குத்தான் தெரியும். அக்கா வேலை முடித்துக் குடத்தைத் தூக்கும்போது அவர் இரண்டு விரலைத் தூக்கி, வண்டி போகலாம் என்கிற மாதிரி ஒரு சைகை காட்டுவார். அக்கா தலையாட்டுவார். இரண்டு வருடப் பழக்கம் அவ்வளவுதான்.

அதே குளிர்காலத்தின் நடுவில் அந்தத் தளம் ஒழுக ஆரம்பித்தது. கீழே இருக்கும் எக்ஸ்ரே அறையின் கூரையில் ஈரம் படர்ந்தது. கட்டடப் பிரிவு எஞ்சினியர் சலவைக்கு நேரிலேயே வந்தார், நல்ல மனிதர்.

"தளத்தக் கொத்தி மறுபடி போடணும்மா. தொட்டியெல்லாம் உள்ள வராந்தாவுல வரிசையா வெச்சிடலாம். ஹீட்டர் இருக்கு, அதுங்களுக்கும் கதகதப்பா இருக்கும். ரெண்டு வாரம்தான்."

"அது நமக்குக் கதகதப்பு சார். அதுக்கு ஏமாத்து வேலை."

"புரியல."

"குளிரு போயிடுச்சுன்னு நெனச்சுத் துளிர் விட்டுடும். ரெண்டு வாரம் கழிச்சு வெளிய தூக்கிட்டு வந்தீங்கன்னா அத்தனையும் ஒரே நாள்ல கருகும். ஹீட்டர் காத்து வேற இருக்கற இலைய உதிர்த்திடும். சைக்கிள் ஷெட்டு குடுங்க சார். மூணு பக்கம் சுவரு, மேல கூரை. குளிரும், ஆனா காத்து அடிக்காது. வெளிச்சமும் வரும்."

"சைக்கிளெல்லாம் எங்க விடுறது?"

"இந்தக் குளிர்ல யார் சார் சைக்கிள்ல வர்றாங்க? உங்களுது ஒண்ணுதான் நிக்குது. அதுவும் பஞ்சராகி மூணு மாசமாச்சு."

எஞ்சினியர் சிரித்துக்கொண்டே எழுதிக் கொடுத்தார். கடை விடுமுறை நாளில் வீட்டுக்காரர் வந்து கைகொடுக்க, துணி தள்ளுகிற வண்டியில் ஒவ்வொன்றாக ஏற்றி, லிப்டில் இறக்கி, பதினொன்றையும் ஷெட்டுக்குக் கொண்டுபோனார்கள். குடும்பப் போட்டோவுக்கு நிறுத்துகிற மாதிரி நெருக்கி நிறுத்தினார் அக்கா. கோபுரங்கள் வெளிப்பக்கம், மினுக்கி நடுவில், ஊசி மூலையில். மறுநாள் ஆறாம் நாற்காலிக்காரர், வெறும் தளத்தைப் பார்க்க வந்து நின்ற அக்காவிடம் கையை விரித்துக் கேட்டார். அக்கா இரண்டு விரலைக் காட்டினார். இரண்டு வாரம்.

ஆட்கள் பாதித் தளத்தைக் கொத்திப்போட்ட நிலையில் குளிர் சட்டென்று இறங்கியது. கலவை இறுகாது, தார் ஒட்டாது என்று சொல்லி வேலையை நிறுத்திவிட்டுப் போய்விட்டார்கள். இரண்டு வாரம் மூன்றாகி நான்கானது. கண்ணாடிக்கு வெளியே கற்குவியலும் தார் டின்களும் கிடந்தன.

ஒரு புதன்கிழமை மதியம், டயாலிசிஸ் வார்டின் பெரிய சிஸ்டர் சலவைப் பிரிவுக்கு இறங்கி வந்தார். அவர் கீழே வருவது வழக்கமில்லை. போர்வையில் ஏதோ கறை என்று சொல்லப்போகிறார் என அக்கா தயாராக நின்றார்.

"ஆறாம் நம்பர் கண்டக்டர் ரெண்டு தடவையா வரலக்கா. திங்கட்கிழமையும் வரல, இன்னைக்கும் வரல."

"ஐயோ. வராம இருக்கலாமா சிஸ்டர்?"

"இருக்கவே கூடாது. ஒடம்புல தண்ணி கோத்துக்கும், மூச்சு முட்டும். டாக்டர் பேசிட்டாரு, நான் பேசிட்டேன், அவரு சம்சாரம் அழுவுது. 'வந்து என்னத்தப் பாக்கறது, தார் டின்னப் பாத்துட்டு நாலு மணி நேரம் கெடக்கணுமா'ங்கிறாரு. ரெண்டு வருசமா அலுக்காம வந்த மனுசன். ஒரு கட்டத்துல எல்லாருக்கும் இப்படி ஒரு வெறுப்பு வரும். இவருக்கு இப்ப வந்திருக்கு." சிஸ்டர் கொஞ்சம் தயங்கினார். "தப்பா நெனச்சுக்காதீங்க. அவரு ஓயாம உங்க செடியப் பத்திதான் பேசுவாரு. கடைசியில இருக்கற குண்டுச்செடி இன்னைக்கு ஏன் தண்ணி வாங்கல, கேட்டுச் சொல்லுங்கம்பாரு. எதுக்கு ஊத்துனீங்க, எதை விட்டீங்கன்னு மனசுலயே குறிச்சு வெச்சிருப்பாரு. அதான் உங்ககிட்டயும் ஒரு வார்த்தை சொல்லலாம்னு வந்தேன்."

சிஸ்டர் போன பிறகு அக்கா ஒரே விரிப்பை நான்கு முறை மடித்தார். இத்தனை நாளும் தளத்தில் தான் செய்வதை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தவர் அவர். அங்கே நின்று மூக்கைச் சிந்தியிருக்கிறார், முதுகைச் சொறிந்திருக்கிறார், ஒருநாள் யாரும் இல்லையென்று பாட்டுக்கூடப் பாடியிருக்கிறார். முதலில் கூச்சம்தான் வந்தது. கூச்சம் வடிந்ததும் வேறொன்று வந்து நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. இரண்டு வாரம் என்று விரல் காட்டியது அவர்தான். அது நான்கானபோது அந்த மனிதரிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை.

மூன்று மணிக்கு ஷிப்ட் முடிந்ததும் வீட்டுக்காரருக்குப் போன் போட்டார். "கடையச் சாத்திட்டு ஸ்கூட்டர எடுத்துட்டு வாங்க. ஒருத்தர் வீட்டுக்குப் போகணும்."

தூக்குவதற்கு லேசான உருண்டைகள் ஷெட்டில் ஐந்து இருந்தன. அக்கா குண்டைத்தான் எடுத்தார். கம்பளி சுற்றிய தொட்டியை ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்தில் நிறுத்தி, இரண்டு முழங்காலாலும் அணைத்துக்கொண்டு ஓட்டினார் வீட்டுக்காரர். "கல்யாணமான புதுசுல உன்னையே இவ்வளவு பதமாக் கூட்டிட்டுப் போனதில்ல" என்றார்.

கண்டக்டரின் வீடு மூன்றாவது மாடியில் இருந்தது. கதவைத் திறந்த மனைவியிடம் ஆஸ்பத்திரி சலவையிலிருந்து வருவதாக அக்கா சொன்னதும் அந்த அம்மாள் பதறி, "நாங்க போர்வை எதுவும் எடுத்துட்டு வரலைங்களே" என்றார்.

கண்டக்டர் கூடத்தில் மூன்று தலையணையை முதுகுக்குக் கொடுத்து உட்கார்ந்திருந்தார். முகம் ஊதி, கண் சிறுத்திருந்தது. செருப்புக்குள் கால் நுழையாது என்று பார்த்தாலே தெரிந்தது. அக்காவைப் பார்த்ததும் தலையணையிலிருந்து நிமிர்ந்தார்.

"நடுவுல கண்ணாடி இல்லாம இப்பதான் பாக்கறேன்" என்றார். அவர் குரலை அக்கா கேட்பதும் அதுதான் முதல் தடவை.

"இத இங்க வெச்சுக்கணும் கண்டக்டரே. ஷெட்டுல எடம் பத்தல. தளம் முடியற வரைக்கும்தான்."

ஷெட்டில் இன்னும் ஐந்து தொட்டிக்கு இடம் இருப்பதைத் தன் கண்ணால் பார்த்திருந்த வீட்டுக்காரர் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார்.

"எனக்கே இங்க தண்ணி அளந்துதான். ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர். இதுக்கு யார் ஊத்தறது?"

"இதுக்கும் அளந்துதான். ஒரு சொம்பு. அதுவும் விரல விட்டுப் பாத்துட்டு..."

"அது தெரியும். ரெண்டாவது கணு வரைக்கும். பத்து எண்ணுவீங்க."

"நான் எண்ணுறது அங்க வரைக்கும் தெரியுதா?"

"வாய் அசையுமே." ஊதிய முகத்தில் எங்கேயோ ஒரு சிரிப்பு தெரிந்தது. "ஏழுக்கு அப்புறம் அவசரப்படுவீங்க."

பால்கனியில் சுவரோடு ஒட்டி, காற்று நேராக அடிக்காத மூலையாகப் பார்த்து, கையோடு கொண்டுவந்திருந்த செங்கல் துண்டுகளைப் போட்டு அக்கா தொட்டியை நிறுத்தினார். காலையில் ஊற்றக் கூடாது, வெயில் ஏறின பிறகுதான். பனி விழுந்தால் கீழேயிருந்து மேலாகத் தட்டிவிட வேண்டும். மேலிருந்து அமுக்கினால் கிளை முறியும். "எவ்வளவு குளிர்னாலும் உள்ள மட்டும் கொண்டு வரக் கூடாது. இலை எப்படி இருக்கு, மண்ணு ஒட்டுதா உதிருதான்னு நீங்க வந்து எனக்குச் சொல்லணும். போன்ல சொன்னா கேக்காது, மெஷின் சத்தம்."

"சிஸ்டர் அனுப்பிச்சாங்களா?"

"சிஸ்டர் சொன்னாங்க. வந்தது நான்தான்."

அவர் தன் கால்களைப் பார்த்தார். "இனிமே வெள்ளிக்கிழமைதான் என் முறை. அன்னைக்கும் வர்றதா நெனைக்கல."

"அப்ப நாளைக்கு வாங்க."

"நாளைக்கு என் நாற்காலி வேற ஆளுக்கு."

"நாற்காலி நான் பாத்துக்கறேன்" என்றார் அக்கா, அதைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரம் தனக்குக் கொஞ்சமும் இல்லை என்று தெரிந்தே. பிறகு வாசல் வரை போய்த் திரும்பினார். "ரெண்டு வாரம்னு கை காட்டிட்டு நாலு வாரமாக்கிட்டேன். அத வந்து சொல்லியிருக்கணும். சொல்லல."

 கண்டக்டரின் மனைவி படிக்கட்டு வரை இறங்கி வந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அன்று மாலையே அக்கா பெரிய சிஸ்டரைப் பிடித்தார். சிஸ்டர் யார் யாரிடமோ பேசி மதியத்துக்கு ஒரு நாற்காலியை ஒழித்தார். மறுநாள் பதினொன்றரைக்கு டிரையரைப் போட்டுவிட்டு அக்கா ஷெட்டுக்குப் போகாமல், வாசல் தெரிகிற சன்னல் பக்கத்தில் நின்று துணி மடித்தார். பன்னிரண்டே காலுக்கு ஆட்டோ வந்தது. சக்கர நாற்காலியில் கண்டக்டரை வைத்து மனைவி தள்ளிக்கொண்டு போனார். மேலே டாக்டர் திட்டிய திட்டு இரண்டு மாடிக்குக் கேட்டதாகப் பேச்சு. இரண்டு மணிக்கு வார்டு உதவியாளர் அழுக்குத் துணியோடு ஒரு சீட்டும் கொண்டுவந்தார். பஸ் டிக்கெட் அளவுக்கு ஒரு துண்டுக் காகிதம். 'மண் ஒட்டுது. ஊத்தலை.'

அதற்குப் பிறகு திங்கள், புதன், வெள்ளி தவறாமல் சீட்டு வந்தது. 'இலை சரி.' 'நேத்து மண் கட்டி. பன்னிரண்டு மணிக்கு இளகியது. ஒரு சொம்பு.' 'பனி. கீழிருந்து தட்டியாச்சு.' அக்கா எல்லாவற்றையும் மாமியாரின் கதவில் பசை நாடா வைத்து ஒட்டினார். மாமியார் சுற்றும்போது சீட்டுகளும் சேர்ந்து நடுங்கும்.

குளிர் உச்சத்துக்குப் போன வாரம் ஒன்று வந்தது. குழாய்கள் உறைந்து வெடித்தன. திங்களன்று சீட்டு வரவில்லை, புதனும் வரவில்லை. கண்டக்டர் வந்திருக்கிறார், அது சிஸ்டர் மூலம் தெரியும். ஆனால் சீட்டு இல்லை. வெள்ளிக்கிழமை, உங்களை மேலே வரச் சொன்னார் என்று ஆள் வந்தது. சிகிச்சை நடக்கும் நேரத்தில் அக்கா அந்த வார்டுக்குள் போனது அதுவே முதல் முறை.

கண்டக்டர் மெஷினில் இல்லாத கையால் ஒரு பிளாஸ்டிக் பையைத் தூக்கிக் கொடுத்தார். உள்ளே இரண்டு கைப்பிடி இலை.

"உள்ள கொண்டு போயிட்டேன்க்கா."

"எப்ப?"

"ஏழு நாளாச்சு. ஹீட்டர் பக்கத்துல. காத்துல அது ஆடுனது நடுங்குற மாதிரி இருந்துச்சு. உள்ள நான் போர்வைக்குள்ள இருக்கேன், அது வெளிய நிக்குது. மனசு கேக்கல. மூணு நாள் நல்லாத்தான் இருந்துச்சு. அப்புறம் தொட்டாலே கொட்டுது. உங்ககிட்ட எப்படி எழுதறதுன்னு தெரியல."

அக்காவின் வாயில் நன்றாக நாலு வார்த்தை வந்தது. அத்தனை தடவை படித்துப் படித்துச் சொன்ன ஒரே விஷயம் அது. வந்ததை விழுங்கிக்கொண்டார். "நான் மூணு கொன்னிருக்கேன். அதுலயும் ஒண்ணு குளிருமேன்னு சுத்தி வெச்சதாலதான் செத்துச்சு" என்றார். "கிளையோட தோல நகத்தால லேசாக் கீறிப் பாத்தீங்களா? அடியில பச்சையா இருந்தா உயிர் இருக்கு."

"பாக்கல."

"ஏன்?"

"பச்சையா இல்லேன்னா?"

அன்று மாலை அக்காவே போய்ப் பார்த்தார். ஹீட்டரைப் பார்த்து நின்ற பாதி, குச்சி குச்சியாக மொட்டையாகியிருந்தது. மறுபாதியில் இலை இருந்தது. கண்டக்டர் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். மொட்டைப் பக்கத்தில் அக்கா ஒரு குச்சியைக் கீறினார். பழுப்பு. இன்னொன்று. அதுவும் பழுப்பு. விரலை உள்ளே விட்டு, தண்டுக்குப் பக்கத்தில் தடித்த கிளையாகப் பார்த்து மூன்றாவதாகக் கீறினார். கடுகளவு கீறலில் ஈரமான பச்சை. கண்டக்டரின் கையைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தார். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, மூக்கு இலையில் இடிக்கிற அளவுக்குக் குனிந்து பார்த்தார்.

"வெட்டிவிடலாமா காஞ்சத?"

"வேணாம். எது செத்துச்சு, எது இருக்குன்னு அதுவே சொல்லும். அப்புறம் கத்தரி எடுப்போம். ஒரே அடியா வெளிய வைக்கவும் கூடாது. நாலு நாள் மாடிப்படி திருப்பத்துல வைங்க, அங்க ஹீட்டர் இல்ல. அப்புறம் பகல்ல மட்டும் பால்கனி. அப்புறம் முழுசா."

"ஸ்டாப்பிங் ஸ்டாப்பிங்கா எறக்கணும்."

"ஆமா. எக்ஸ்பிரஸ் வேணாம்."

கிளம்பும்போது அக்கா வாசலில் நின்று இன்னொன்றும் சொன்னார். ஷெட்டில் ஊசிச்செடி பட்டுப்போய்விட்டது. மூலையில் எல்லாருக்கும் பின்னால் நின்றதால் அவருடைய கை எட்டவில்லை. எட்டாததை நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டு விட்டுப் பத்து நாளாகியிருந்தது. கம்பளியைப் பிரித்துப் பார்த்தபோது மண் மாவாக உதிர்ந்தது. ஆறு வருடமாகப் பதினொன்று என்று சொல்லி வந்தவருக்கு அதைச் சொல்வது லேசாக இல்லை.  "டீ குடிச்சிட்டுப் போங்கக்கா. எனக்குத்தான் அளவு, உங்களுக்கு இல்ல" என்றார் கண்டக்டர்.

குளிர் உடைந்து, ஆட்கள் திரும்பி வந்து, தளம் ஒரு வழியாக முடிந்தது. எக்ஸ்ரே அறை ஒழுகுவது நின்றது. கண்டக்டருக்கு மாற்றுச் சிறுநீரகம் இன்னும் கிடைக்கவில்லை. பட்டியலில் பெயர் இருக்கிறது. வாரத்தில் ஒருநாள் 'இன்னைக்கு வர மனசில்ல' என்று மனைவியிடம் சண்டை போடுவார். ஆனாலும் வந்துவிடுவார்.

ஒரு செவ்வாய்க்கிழமை, இளவெயிலில், தொட்டிகள் மேலே ஏறின. ஒன்பது துணி வண்டியில், பத்தாவது ஸ்கூட்டரில். அக்கா சணலை அறுத்துக் கம்பளிகளைப் பிரித்து மடித்தார். ஒவ்வொரு தொட்டியையும் சுற்றிப் பார்த்து, அடர்ந்து அழகாக இருக்கும் பக்கத்தைக் கண்ணாடிப் பக்கமாகத் திருப்பி வைத்தார். காற்றில் இலை கருகிய பக்கங்கள் வெளியே பார்த்தன. மினுக்கி வார்டைப் பார்த்துப் பளபளத்தாள்.

கடைசியில் குண்டு. அதன் மொட்டைப் பக்கத்தைக் கண்ணாடிக்கு நேராக வைத்தார் அக்கா. உள்ளேயிருந்து பெரிய சிஸ்டர் பார்த்துவிட்டு, திருப்பி வையுங்கள் என்று கையைச் சுழற்றிக் காட்டினார். அக்கா தலையை ஆட்டி மறுத்தார். வறண்ட குச்சிகளுக்கு நடுவே, தண்டை ஒட்டினாற்போல், நான்கைந்து பச்சை முனைகள் வெளியே வந்திருந்தன. நின்று பார்த்தால் கண்ணில் படாத அளவு.

அன்று கண்டக்டரின் முறை இல்லை. அந்த நாள் ஆள் இன்னும் வராததால் ஆறாம் நாற்காலி காலியாக இருந்தது. அக்கா தொட்டிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். சாய்ந்து படுத்திருப்பவருடைய உயரத்துக்குத் தலையைத் தாழ்த்தி, கழுத்தை ஒருபக்கமாகச் சாய்த்து, அந்தப் பச்சை முனைகளுக்கும் கண்ணாடிக்கு அப்பாலிருந்த காலி நாற்காலிக்கும் நடுவே ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். ஒரு கிளை மறைத்தது. எழுந்து தொட்டியை ஒரு சாண் இடதுபக்கம் நகர்த்திவிட்டு, மறுபடி உட்கார்ந்து, தலையைச் சாய்த்தார்.